உதட்டுக் கொப்புளம் வந்த வழி

மரக்காணத்து உப்பளங்களில் சித்திரை வெயில் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும். மேலேயிருந்து இறங்குவது ஒன்று. பாத்தியில் பூத்திருக்கும் உப்பின் வெண்மையில் பட்டு முகத்துக்கே திரும்பி வருவது இன்னொன்று. தலையில் சுற்றிய துண்டு மேல்வெயிலைத் தாங்கும். கீழிருந்து வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. கீழுதடு அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கினாலும் வெயில் ஏறிய பிறகும் வேலை ஓய்வதில்லை. நாலைந்து நாள் இப்படி நின்று உப்பு வாரிய ஒரு பெண்ணுக்கு ஒரு மாலையில் உதட்டோரம் குறுகுறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டால் லேசாக எரிகிறது. இரவுக்குள் அந்த இடம் தடித்துச் சிவக்கிறது. மறுநாள் காலையில் கடுகளவில் ஐந்தாறு நீர்க்கொப்புளங்கள் ஒரே கொத்தாக எழும்பி நிற்கின்றன.

அந்தக் கொத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். "உடம்புச் சூடு" என்று சொல்லி மாமியார் நீர்மோர் கரைத்துக் கொடுப்பார். "அக்கி மாதிரி இருக்கே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார். மருந்துக்கடையில் "ஹெர்பிஸ்" என்ற சொல் காதில் விழும். கணவன் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பது பால்வினை நோய்ப் பட்டியல்தான். அதற்குப் பிறகு நீர்மோரும் செங்காவியும் எடுபடாது. "இது உனக்கு யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த ஒரு கேள்வி செய்யும் சேதம் கொப்புளம் செய்வதைவிடப் பல மடங்கு பெரிது.

யாரிடமிருந்து வந்தது என்பதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், மனிதன் மனிதனாவதற்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றித் தங்குவது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைச் சுற்றித் தங்குவது. இரண்டும் வேறு வேறு என்பது 1960களில்தான் தெளிவானது. முதல் வகை நம்மோடு மிக நீண்ட தூரம் நடந்து வந்தது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரும் சிம்பன்சிகளின் முன்னோரும் பிரிந்தபோது, அந்த வைரஸும் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை நம் வம்சத்தோடு வந்துவிட்டது. இரண்டாம் வகை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அது சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்சிகளின் மூதாதையரிடமிருந்து நம் மூதாதையருக்குத் தாவியது என்று சான் டியகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு 2014-ல் கணித்தார்கள். அப்போது ஆபாசமும் இல்லை, அவமானமும் இல்லை. ஓர் உடல் இன்னோர் உடலைத் தொட்டது, அவ்வளவுதான்.

வைரஸுக்கு எலும்பு இல்லை, ஆனால் பல் அதைக் காத்து வைக்கும். வாயில் கொப்புளம் கிளம்பியிருந்த நேரத்தில் ஒருவர் இறந்தால், பல்லின் வேரில் உறைந்த ரத்தத்தோடு வைரஸின் மரபணுத் துணுக்குகளும் தங்கிவிடலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்படி நான்கு பேரின் பற்களிலிருந்து இந்த வைரஸை மீட்டு 2022-ல் வெளியிட்டார்கள். மிகப் பழையவர் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். நால்வரில் என்னை நிறுத்தி வைப்பவர் ஹாலந்துக்காரர் ஒருவர். களிமண் சுங்கானைக் கடித்துக் கடித்தே பற்களில் வட்டக் குழி விழுந்த மனிதர். 1672-ல் பிரெஞ்சுப் படை அவருடைய ஊரைத் தாக்கியபோது இறந்திருக்கலாம் என்கிறார்கள். சுங்கான் பிடித்த அந்த உதட்டிலும் மரக்காணத்துப் பெண்ணின் உதட்டிலும் எழும்பியது ஒரே குடும்பத்து வைரஸ்தான். இன்று உலகில் பரவியிருக்கும் கிளை சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்த வெண்கலக் காலத்தில் ஓங்கியது என்பது அவர்கள் கணிப்பு. மக்கள்தொகை பெருகியதும், வாயோடு வாய் வைத்து முத்தமிடும் வழக்கம் பரவியதும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

மரக்காணத்துக்கும் பழைய வரலாறு உண்டு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உப்பு வணிகரான உமணர்கள் பெண்டு பிள்ளைகளோடு வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோன காலம் அது. அந்த வண்டிகளில் தாய் பிள்ளையை முத்தமிட்டிருப்பாள், பாட்டி பேரனின் கன்னத்தை வழித்திருப்பாள். இந்த வைரஸுக்கு அதைவிடச் சிறந்த வாகனம் தேவையே இல்லை.

இப்போதைய கணக்குக்கு வருவோம். உலகில் 50 வயதுக்குக் குறைந்தவர்களில் 64 விழுக்காட்டினரின் உடலில், அதாவது சுமார் 380 கோடிப் பேரிடம், முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களில் பலருக்கு இது வந்தது குழந்தைப் பருவத்தில். கொஞ்சிய அத்தையோ, மடியில் வைத்துச் சோறூட்டிய பாட்டியோ, எச்சில் மிட்டாயைப் பகிர்ந்த அண்ணனோ கொடுத்திருப்பார். முதல் முறை வரும்போது பெரும்பாலும் அடையாளமே தெரியாது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வாய் நிறையப் புண்ணுமாக ஒரு வாரம் படுத்தும். "பல் முளைக்கிறது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அதோடு அது மறக்கப்பட்டுவிடும். வைரஸ் மட்டும் போவதில்லை.

அது உடலுக்குள் போய்த் தங்கும் இடம் வியப்பானது. உதட்டுத் தோலில் இருக்கும் நரம்பின் நுனிக்குள் நுழைந்து, நரம்புக்குள்ளேயே சரக்கு ஏற்றிச் செல்லும் நுண்குழாய்ப் பாதையில் தொற்றிக்கொண்டு, மண்டையோட்டுக்குள் காதுக்கு முன்புறமாக உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்கு ஏறிவிடுகிறது. முகத்துத் தொடுவுணர்வையெல்லாம் மூளைக்கு எடுத்துச் செல்லும் முக்கிளை நரம்பின் முடிச்சு அது. அங்கே தன் மரபணுவை வளையமாகச் சுருட்டிக்கொண்டு, ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் அணைத்துவிட்டு அடங்கிவிடுகிறது. புரதம் எதையும் உண்டாக்காமல் கிடப்பதால் உடலின் காவல் அணுக்களால் அதை வேரோடு பிடுங்க முடிவதில்லை. ஆயுள் முழுக்க அது அங்கேதான்.

பிறகு ஏதோ ஒன்று அதை எழுப்புகிறது. காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிலக்கு, வெயில். வெயிலைப் பற்றி ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி உதட்டுக் கொப்புளம் வரும் 38 பேரின் உதட்டில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சிய அமெரிக்க ஆய்வொன்று 1991-ல் லான்செட் இதழில் வந்தது. வெறும் பூச்சைப் பூசியபோது 71 விழுக்காட்டினருக்குக் கொப்புளம் கிளம்பியது. அதே ஆட்களுக்கு வெயில் காப்புக் களிம்பைப் பூசிவிட்டுக் கதிரைப் பாய்ச்சியபோது யாருக்கும் கிளம்பவில்லை. பனிமலையில் சறுக்கி விளையாடுவோருக்கு உதட்டுக் கொப்புளம் வருவதும் இதனால்தான். வெண்பனி கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. விளையாடப் போகிறவர் பையில் உதட்டுக்கான களிம்பு இருக்கிறது. அளத்தில் கூலிக்கு நிற்பவரிடம் அது கிடையாது. 'உடம்புச் சூடு' என்ற மாமியாரின் வார்த்தை முழுப் பிழையல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூடு உள்ளிருந்து கிளம்பவில்லை, பாத்தியிலிருந்து கிளம்பியது.

அக்கியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரில் அக்கி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் கழித்து உடலின் ஒரு பக்கமாகப் பட்டை போலக் கிளம்புவது. உதட்டுக் கொப்புளத்துக்கு அது உறவுக்கார வைரஸ், ஆனால் அதுவே அல்ல. செங்காவி எழுதியதும் உதட்டுப் புண் ஆறியதாகத் தோன்றும், ஏனென்றால் எதுவும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் கொப்புளம் உடைந்து, மஞ்சள் பொருக்குக் கட்டி, உதிர்ந்துவிடும். அக்கி எழுதுகிறவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பத்து நாளில் புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லையே என்பதில்தான் வருத்தம். இந்த வைரஸ் கருவிழிக்குப் போனால் பார்வையைக் கெடுக்கும்.

இனி கணவன், மனைவி விஷயம். குறுகுறுப்பு தொடங்கிய நேரத்திலிருந்து பொருக்கு உதிரும் வரை வைரஸ் மிகுதியாக வெளியே வரும். கொப்புளத்து நீரில் அது நிறைந்திருக்கும். கொப்புளம் இல்லாத நாட்களிலும் எச்சிலில் அவ்வப்போது தலைகாட்டும், ஆனால் குறைவாக. பரவுவது தோலும் தோலும், வாயும் வாயும் நேராகப் படுவதால். கழிப்பறையாலோ குளத்துத் தண்ணீராலோ பரவாது; உடலுக்கு வெளியே அது நெடுநேரம் தாங்குவதில்லை. சொம்பை அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம்தான், என்றாலும் ஒரே தம்ளரில் குடித்தாயா என்று ஒருவரைக் குடைய வேண்டிய அளவுக்குப் பாத்திரத்தால் ஆபத்து இல்லை. முத்தம்தான் முக்கிய வழி.

கணவனுக்கும் குழந்தைப் பருவத்திலேயே முதல் வகை வந்திருந்தால், மனைவியின் கொப்புளத்திலிருந்து அவனுக்குப் புதிதாக எதுவும் வந்துவிடப் போவதில்லை என்றே பெரும்பாலும் சொல்லலாம். அவனுக்கு ஒருபோதும் கொப்புளம் வந்ததில்லை என்பது அவனிடம் வைரஸ் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சுமப்பவர்களில் பலருக்கு வருவதே இல்லை. அதேபோல, கல்யாணமாகிப் பத்தாண்டு கழித்து மனைவிக்கு முதல் கொப்புளம் வந்தால் அது போன மாதம் வந்த தொற்று என்றும் ஆகாது. நான்கு வயதில் ஏறியது நாற்பது வயதில் முதல்முறை இறங்கலாம். ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலில் எங்கே தங்கியிருக்கிறது என்று எந்தச் சீட்டும் சொல்லாது. உதட்டுக் கொப்புளத்தை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை விசாரிப்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இப்படிப்பட்ட விசாரணை ஆண்கள் பக்கம் அபூர்வமாகத்தான் திரும்புகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல தம்பதிகளுக்குத் தெரியாதது இதுதான். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு கொண்டால் முதல் வகை வைரஸ் துணையின் பிறப்புறுப்புக்குப் போய்விடலாம். அங்கே புண் வரலாம். இடுப்புப் பக்கத்து நரம்பு முடிச்சில் அது தங்கிவிடும். பணக்கார நாடுகளில் குழந்தைப் பருவத்தில் இது தொற்றுவது குறைந்துவிட்டதால், வளர்ந்த பிறகு எதிர்ப்பு இல்லாத உடலில் இப்படி வருவது கூடியிருக்கிறது. பிறப்புறுப்பில் புண் வந்துவிட்டது என்பதால் மட்டுமே மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது. வீட்டுக்குள்ளேயே, ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பிலேயே அது நடந்திருக்கலாம். கொப்புளம் இருக்கும் பத்து நாளும் முத்தத்தையும் வாய்வழி உறவையும் தள்ளி வைப்பது ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

இரண்டாம் வகையின் பயணம் வேறு. அது உடலுறவில் பரவுவது. 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. எச்ஐவி தொற்றும் வாய்ப்பை அது ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. ஆகவே அதை வெட்கத்தோடு மூடி வைப்பது ஆபத்து. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 தம்பதிகளை எட்டு மாதம் கவனித்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. நோயுள்ளவர் தினமும் ஒரு வாலசைக்ளோவிர் மாத்திரை எடுத்துக்கொண்ட தம்பதிகளில் 14 துணைகளுக்குத் தொற்றியது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்கு. ஆணுறையும் ஆபத்தைக் குறைக்கும், முழுக்க அகற்றாது. எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தும், வெற்று மாத்திரைப் பக்கத்தில்கூட நூற்றில் நான்கு பேருக்குக் குறைவாகவே தொற்றியது என்பதை, பயந்து படுக்கையைப் பிரித்துப் போட்டுக்கொள்ளும் தம்பதிகள் கவனிக்க வேண்டும்.

அந்த மாத்திரையின் மூத்த சகோதரி அசைக்ளோவிர். பெண் என்பதால் ஆய்வகங்கள் வேலை தர மறுத்த காலத்தில் போராடி உள்ளே வந்த கெர்ட்ரூட் எலியனின் குழு அதை உருவாக்கியது. 1982-ல் அமெரிக்காவில் முதலில் களிம்பாக அனுமதி பெற்றது. 1988-ல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் புகுந்த அணுவுக்குள் மட்டுமே அந்த மருந்து உயிர்பெறும், ஏனென்றால் அதை முடுக்கிவிடுவதே வைரஸின் சொந்த நொதிதான். மற்ற அணுக்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. நரம்பு முடிச்சில் தூங்குவதை அதனாலும் எழுப்பித் துரத்த முடியாது. குறுகுறுப்பிலேயே தொடங்கினால் கொப்புளத்தின் நாட்களைக் குறைக்கும்.

அந்த மருந்து இன்று நம் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு உறையில் வருகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்துகளை நிறம் பிரித்து ஏழு உறைகளாக வைத்திருக்கிறது. ஐந்தாம் எண், சிவப்பு உறை, பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கானது: 400 மில்லிகிராம் அசைக்ளோவிர், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். மரக்காணத்தாருக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, தெற்கே புதுச்சேரி ஜிப்மர் உண்டு.

ஆனால் உப்பளத்து உடலுக்கு இந்த மாத்திரையைத் தரும்போது மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?" அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. உடலில் நீர் வற்றியிருந்தால், பாத்தியில் நீர் சுண்டியதும் உப்பு உறைவதைப் போல, அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகிவிடலாம். ஊசியில் ஏற்றும்போது இந்த ஆபத்து அதிகம், மாத்திரையில் குறைவு. ஆனாலும் நீர் வற்றிய உடலில் இல்லாமல் போய்விடுவதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர், தாங்கத்தக்க வெப்ப வரம்பைத் தாண்டித்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிறுநீரகத் திறன் குறைந்தவர்களும் இருந்தார்கள். அளத்தில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உதட்டுக் கொப்புளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கழிப்பறையில் வந்து முடிவது இப்படித்தான். உப்பளத்துக்கு நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அந்தப் பட்டியலில் உதட்டுக்கும் முகத்துக்குமான வெயில் காப்புக் களிம்பையும் சேர்க்க வேண்டும். அது அழகுசாதனம் அல்ல.

இந்த வைரஸ் உண்மையிலேயே கொல்லக்கூடிய இடம் பிறந்த குழந்தை. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் உச்சி முகர்ந்து முத்தமிடாமல் போவதில்லை. உதட்டில் கொப்புளம் உள்ளவர் பச்சிளங்குழந்தையை முத்தமிடவே கூடாது. அத்தையானாலும் தாத்தாவானாலும் கையைக் கழுவிக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். தாய்க்கே உதட்டில் கொப்புளம் இருந்தால் பால் கொடுக்கலாம், முத்தம் வேண்டாம். மார்பில் புண் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்ணுக்கு முதல்முறையாகப் பிறப்புறுப்பில் புண் வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும் ஆபத்து அப்போதுதான் மிக அதிகம். பழைய தொற்று என்றால் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையை ஓரளவு காக்கும். அந்தக் கடைசி மாதங்களில் கணவனின் உதட்டில் கொப்புளம் இருந்தால் விலகி இருக்க வேண்டியவன் அவன். வெளியூரில் லாரி ஓட்டிவிட்டு, கட்டட வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஆண்கள் தங்களுக்குப் புண் இருந்தால் மனைவியிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்வது அவமானமல்ல, கடமை.

கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண் அது, கட்டணம் இல்லை. பால்வினைத் தொற்றுகள் பற்றியும் அங்கே கேட்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே அழைக்கலாம்.